பாரிசவாதம் பரம்பரையாக வருமா?

பாரிசவாதம் என்ற சொல் நம் வீடுகளில் சிறுபிள்ளைக்கும் தெரியும். பாரிசம் என்றால் பக்கம். வாதம் என்றால் காற்று. கெட்ட காற்றொன்று வந்து உடம்பின் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டது என்று நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் அதே நோயை 'அடி' என்று பொருள்படும் 'ஸ்ட்ரோக்' என்ற சொல்லால் குறித்தார்கள். வடக்கே பனிக்கடலோரம் வாழும் ஐஸ்லாந்து மக்களின் சொல் 'ஹெய்லாப்ளோத்ஃபால்'. ஹெய்லா என்பது மூளை, ப்ளோத் என்பது குருதி, ஃபால் என்பது வீழ்ச்சி. காற்றுமில்லை, அடியுமில்லை, மூளைக்குள் குருதி விழுந்துவிட்டது என்று நேராகவே சொல்கிறது அந்தச் சொல். இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்த நாட்டைப் பற்றியதாகவே இருக்கப் போகிறது.

யாருக்காவது பாரிசவாதம் வந்தால், பார்க்கப் போகிறவர்கள் வாசலிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இவருடைய வாப்பாவுக்கும் இதுதானே வந்தது? பரம்பரையோ?" உயர்தர வகுப்பில் பிறப்புரிமையியல் பாடம் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாரிசவாதத்தில் இரண்டு வகை உண்டு. மூளைக்குச் செல்லும் குருதிக்கலன் அடைபட்டு, அதற்கு அப்பாலுள்ள பகுதி ஒட்சிசன் இல்லாமல் இறப்பது ஒன்று. இதுவே அதிகம். கலன் வெடித்துக் குருதி மூளைக்குள்ளேயே பெருகுவது மற்றது. இது குறைவு, ஆனால் உயிரைக் கொண்டுபோவதில் முந்தியது. கலன் வெடிப்பதற்கு உலகெங்கும் முதற் காரணம், நாம் 'பிரஷர்' என்று சொல்லும் உயர் குருதியமுக்கந்தான். அதைப் பரம்பரை நோய் என்று எழுதிவைக்க முடியாது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. ஆனால் உப்பு, உடற்பருமன், புகை, ஒழுங்காகக் குடிக்காத குளிசை எல்லாம் சேர்ந்தே அதை ஆக்குகின்றன.

இவற்றிலிருந்து வேறான, மிக அரிதான ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் குருதியமுக்கம் சரியாகவே இருக்கும். ஆனால் மூளையின் நுண்கலன்களின் சுவர், கட்டப்பட்ட விதத்திலேயே பழுதாக இருக்கும். ஒரேயொரு பரம்பரையலகில் ஏற்பட்ட ஒரேயொரு மாற்றம் அந்தப் பழுதைச் செய்யும். இவைதாம் உண்மையான பரம்பரை நுண்கலன் நோய்கள்.

நுண்கலன் என்றால் எவ்வளவு நுண்மை? மூளையின் ஆழத்துக்குச் செல்லும் சிறு நாடிகள் பலவும் ஒரு மில்லிமீற்றரில் பாதியைக்கூட எட்டாதவை. நம் உடல் நிறையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதந்தான். ஆனாலும் இதயம் அனுப்பும் குருதியில் ஆறில் ஒரு பங்களவு அதற்கே போகிறது. அந்தக் குருதியைக் கொண்டுபோகும் சிறு நாடிகள் பல, பெரிய நாடியிலிருந்து நேரடியாகப் பிரிகின்றன. வீதியில் போகும் பிரதான நீர்க்குழாயில் துளையிட்டு, அதிலிருந்து மெல்லிய இறப்பர்க் குழாயொன்றை வீட்டுக்கு இழுத்ததுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அமுக்கம் தணிய இடமில்லை. ஆகவே சுவர் உறுதியாக இருந்தே ஆக வேண்டும். அந்தச் சுவரில் உள்ளே ஒரு மெல்லிய கலப்படை, அதைத் தாங்கும் ஓர் அடித்தள மென்சவ்வு, அதைச் சுற்றி அழுத்தத் தசைக்கலங்கள். இவற்றில் எது பழுதானாலும் சுவர் பழுது.

இனி ஐஸ்லாந்துக்கு வருவோம். 1935 இல் ஆர்னி ஆர்னசன் என்ற வைத்தியர், அந்நாட்டின் சில குடும்பங்களில் இளவயதினர் தலைமுறை தலைமுறையாக மூளைக் குருதிப் பெருக்கினால் இறந்துபோவதைக் கண்டு எழுதிவைத்தார். ஸ்கேன் இல்லாத காலம். அவரிடம் இருந்ததெல்லாம் நோயாளிகளும் அவர்களின் குடும்ப வரலாறுகளும்தான். 1972 இல் குன்னார் குத்முன்ட்சனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், இறந்தவர்களின் மூளை நாடிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து, சுவர்களில் 'அமைலொயிட்' என்னும் ஒரு படிவு நிறைந்திருப்பதைக் காட்டினார்கள்.

உவர்த்தன்மையுள்ள கிணற்று நீரை நாள்தோறும் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைப் பார்த்திருப்பீர்கள். வெண்படை ஒன்று கல்லாய்ப் படிந்திருக்கும். நீரில் கரைந்திருந்ததுதான் அங்கே கரையாமல் உறைந்துவிட்டது. அமைலொயிட்டும் ஏறக்குறைய அப்படித்தான். கரைந்து ஓட வேண்டிய புரதம் தவறாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத இழைகளாகிச் சுவரில் படிகிறது. படியப் படியத் தசைக்கலங்கள் இறக்கின்றன. சுவர் பார்வைக்குத் தடிப்பாகத்தான் இருக்கும், ஆனால் நெகிழாது. நெகிழாத சுவர் ஒருநாள் பிளக்கிறது. தடித்த குழாய் உறுதியான குழாய் என்று நாம் நினைப்பது இங்கே பொய்த்துப்போகிறது.

எந்தப் புரதம் இது? 'சிஸ்டாட்டின் சி' என்னும் ஒரு சிறு புரதம். நம் எல்லோருடைய உடலிலும் உண்டு. 120 அமினோ அமிலங்களால் ஆனது. இந்தக் குடும்பத்தாரில் 68 ஆவது இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டமின் இருக்கிறது. நூற்றிருபது எழுத்துள்ள ஒரு பத்தியில் ஓர் எழுத்துப் பிழை. நம் சஞ்சிகைக்கு அச்சுப்பிழை பார்த்த எவருக்கும் தெரியும், சில பிழைகள் கண்ணிலே படாமல் போகும், சில பிழைகள் பொருளையே கவிழ்த்துவிடும். இது இரண்டாவது வகை. இப்பிழையைச் சுமப்பவர்கள் இக்காலத்தில் சராசரியாக 30 வயது வரையே வாழ்கிறார்கள்.

இதுவரை படித்துவிட்டு "அப்படியானால் தலையெழுத்துத்தான்" என்று நீங்கள் முடிவுகட்டினால், நான் முதலில் கட்டிய முடிவும் அதுதான். ஆனால் 2008 இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு அந்த முடிவை அசைத்துவிடுகிறது.

ஐஸ்லாந்து மக்கள் எழுதிவைக்கும் இனத்தார். 1703 இலேயே நாட்டிலுள்ள அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கணக்கெடுத்தவர்கள். பிறப்பும் இறப்பும் திருமணமும் தேவாலயப் பதிவேடுகளில் நிரை நிரையாக இருக்கின்றன. ஆய்வாளர்கள் அப்பதிவேடுகளின் வழியே நோயுற்ற குடும்பங்களைப் பின்னோக்கித் தேடிச் சென்றார்கள். இன்று இப்பிழையைச் சுமக்கும் அத்தனை பேரும் ஏறக்குறைய 18 தலைமுறைகளுக்கு முன் பிறந்த ஒரே மூதாதையிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. அது பதினாறாம் நூற்றாண்டளவில்.

எப்போதோ இறந்துபோன ஒருவர் இந்தப் பரம்பரையலகைச் சுமந்தாரா என்பதை எப்படி அறிவது? அதற்கு ஓர் எளிய தருக்கம் இருக்கிறது. நோயைக் கடத்திய முன்னோர் ஒருவருக்கும் நோயுள்ள வழித்தோன்றல் ஒருவருக்கும் நடுவில் நிற்பவர், அதைக் கட்டாயம் சுமந்தே இருக்க வேண்டும். பாட்டியிடமிருந்து பேரனுக்குத் தாயைத் தாண்டி ஒன்றும் பறந்து வராது. இப்படிக் கண்டுபிடித்த ஒவ்வொருவரின் ஆயுளையும் அவரவர் கணவன் அல்லது மனைவியின் ஆயுளோடு ஒப்பிட்டார்கள். இந்த ஒப்பீட்டை வாசித்தபோது எனக்கு வியப்பு வந்தது. எவ்வளவு நேர்த்தியான யோசனை! கணவனும் மனைவியும் ஒரே வீட்டில், ஒரே குளிரில், ஒரே சட்டியில் உண்டவர்கள். இருவருமே பிள்ளை பெறும் வயதுவரை உயிரோடிருந்தவர்கள். வேறுபாடு பரம்பரையலகில் மட்டுந்தான்.

கிடைத்த விடை இது. 1825 அளவில் பிறந்தவர்கள், இப்பிழையைச் சுமந்தும் சராசரியாக 65 வயதுவரை வாழ்ந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களைப் போலவே முதுமையைக் கண்டிருக்கிறார்கள். அதன்பின் பிறந்தவர்களின் ஆயுள் படிப்படியாகச் சரிந்து, 1900 அளவில் பிறந்தவர்களுக்கு இன்றைய 30 வயதுக்கு இறங்கிவிட்டது. முக்கால் நூற்றாண்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. இதே காலத்தில் நாட்டில் மற்றவர்களின் ஆயுள் கூடிக்கொண்டு வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னுமொன்று: இந்தக் காலத்திலிருந்துதான், தாயிடமிருந்து பிழையைப் பெற்றவர்கள் தந்தையிடமிருந்து பெற்றவர்களைவிட ஏறக்குறைய 9 ஆண்டுகள் முந்தி இறக்கத் தொடங்கினார்கள்.

பரம்பரையலகு அதேதான். 68 ஆவது இடம் அதேதான். மாறியது வாழ்க்கை. அந்த நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் உணவு தலைகீழாக மாறியது. முன்பு இறைச்சியையும் மற்றவற்றையும் புளித்த மோர்நீரில் ஊறவைத்துப் பாதுகாத்து உண்டார்கள். தானியம் மிகக் குறைவு. பிறகு கப்பல்களில் மாவும் சீனியும் வந்தன, உப்பிடுதல் பெருகியது. இதில் எது குற்றவாளி என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆய்வாளர்கள் சந்தேகிப்பது உணவு முதலான வாழ்க்கை முறை மாற்றங்களையே. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற கிளைக் குடும்பங்கள் பலவற்றில், ஒரே காலத்தில் இச்சரிவு நிகழ்ந்திருப்பதால், வெளியிலிருந்து வந்த ஏதோவொன்று என்பதை மறுப்பது கடினம்.

ஐஸ்லாந்து தனித்த நிகழ்வா என்றால், எலிகளிடம் கிடைத்த ஒரு செய்தியும் உண்டு. நாம் மேலே பார்த்த அடித்தள மென்சவ்வுக்கு முதுகெலும்பாக இருப்பது நான்காம் வகைக் கொலாஜன். அதற்குரிய பரம்பரையலகில் விகாரம் உள்ள எலிக்குட்டிகள், பிறக்கும்போதே மூளைக் குருதிப் பெருக்கோடு பிறந்தன. 2006 இல் இதை ஆராய்ந்தவர்கள் அதே விகாரமுள்ள குட்டிகளைச் சத்திரசிகிச்சை மூலம் வெளியே எடுத்தபோது, கடுமையான பெருக்கு ஏற்படவில்லை. பிறப்புப் பாதையில் தலை நெருக்குண்ட அந்தச் சில நிமிடங்கள்தாம் பலவீனமான கலனை உடைத்திருக்கின்றன. இதே விகாரம் மனிதக் குடும்பங்களிலும் உண்டு. அக்குடும்பத்துத் தாய்மாருக்கு எவ்வகைப் பிரசவம் நல்லது என்பதை வைத்தியர்கள் இன்று முன்கூட்டியே பேசுகிறார்கள் என்றால், அதன் தொடக்கம் இந்தக் குட்டிகள்.

நெதர்லாந்தின் கதை வேறு விதமானது. வடகடலோரத்தில் கட்வைக் என்றொரு மீனவ ஊர். தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் முடித்து வாழ்ந்த ஊர். அங்கும் அண்டையிலுள்ள ஸ்கெவெனிங்கனிலும் சில குடும்பங்களில், பெரும்பாலும் 40 இற்கும் 65 இற்கும் இடைப்பட்ட வயதில், மூளையின் மேற்புறப் பகுதிகளில் குருதி பெருகும். உயர் குருதியமுக்கத்தால் வரும் பெருக்கு பொதுவாக மூளையின் ஆழத்தில் நிகழ்வது. இது மேற்புறத்தில் நிகழ்வதே வைத்தியருக்கு ஒரு துப்பு. ஊரார் இதை 'கட்வைக் நோய்' என்றே அழைக்கிறார்கள். தன் ஊரின் பெயரையே ஒரு நோய் தாங்கி நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1990 இல் இதன் காரணம் கண்டறியப்பட்டது. 21 ஆம் நிறமூர்த்தத்தில் அமைலொயிட் முன்னோடிப் புரதத்துக்குரிய பரம்பரையலகில் ஒரு விகாரம். அல்சைமர் மறதி நோயில் மூளையில் படிவது இதே புரதத்தின் துண்டுதான். மறுவருடமே இளவயது அல்சைமர் குடும்பமொன்றில் இதே பரம்பரையலகில் இன்னொரு விகாரத்தை லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மீனவக் குடும்பங்களின் துயரம் மறதி நோய் ஆராய்ச்சிக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது.

பரம்பரை நுண்கலன் நோய்களில் அதிகம் பேசப்படுவது 'கடாசில்'. 1996 இல் பாரிஸ் ஆய்வாளர்கள், 19 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள 'நொட்ச் 3' என்னும் பரம்பரையலகே காரணம் என்று காட்டினார்கள். ஐரோப்பாவில் இது பெரும்பாலும் அடைப்பு நோயாகவே தோன்றும். கண்முன் ஒளிக்கோடுகள் தெரியும் ஒற்றைத் தலையிடி, பிறகு சிறு சிறு பாரிசவாதங்கள், பிறகு நினைவுத் தளர்ச்சி என்று நீளும். ஆனால் கொரியாவின் ஜேஜு தீவிலும் தாய்வானிலும் இதே பரம்பரையலகில் வேறோர் இடத்து விகாரம் பரவலாக உண்டு. அங்கே கலன் வெடித்துக் குருதி பெருகுவதும் சாதாரணம்.

இங்கேதான் சிகிச்சையில் ஒரு சிக்கல் வருகிறது. அடைப்பினால் பாரிசவாதம் வந்தவருக்கு ஏஸ்பிரின் போன்ற, குருதி உறைவதைத் தடுக்கும் குளிசை கொடுப்பது வழக்கம். கலன் வெடிக்கும் தன்மையுள்ளவருக்கு அதே குளிசை ஆபத்தாகலாம். ஒருவருக்கு இரண்டு தன்மையும் இருந்தால்? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இதற்கு ஓரளவு கைகொடுக்கிறது. முன்பு எப்போதோ, நோயாளி அறியாமலே கசிந்த துளிக் குருதியிலிருந்த இரும்பு மூளையில் தங்கிவிடும். அதற்கென்றுள்ள ஒருவகைப் படத்தில் அது கரும்புள்ளியாகத் தெரியும். சட்டையில் பட்ட துருக்கறை போல, எத்தனை வருடமானாலும் போகாது. புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் பார்த்து, குளிசையால் வரும் நன்மை கூடுதலா தீமை கூடுதலா என்று வைத்தியர் நிறுத்துப் பார்க்கிறார். ஆகவே "என் உம்மாவுக்கும் மாமாவுக்கும் நாற்பது வயதிலேயே மூளையில் குருதி பெருகியது" என்று சொல்லும் ஒரு வாக்கியம், சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னால், ஓர் உயிரைக் காக்கும்.

ஆனால் நம்மிடையே அந்த வாக்கியத்தை மறைக்கத்தான் பார்க்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் வாப்பாவுக்கும், சில வருடங்களில் மூத்த மகனுக்கும் பாரிசவாதம் வந்தது. அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பேசி வந்த சம்பந்தம் நின்றுபோனது. அவர்களுக்கு இருந்தது இந்த அரிய நோயா, பிரஷரும் சீனி வருத்தமுமா என்று எந்த வைத்தியரும் சொல்லியிருக்கவில்லை. ஊர்தான் பரிசோதனை செய்தது, ஊர்தான் அறிக்கையும் எழுதியது. அவளுக்கு நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் கணக்கு அப்படியில்லை. கடாசிலும் கட்வைக் நோயும் ஐஸ்லாந்து நோயும் ஆட்சியான முறையில் கடத்தப்படுபவை. நோயுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்புச் சரிபாதி. ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காது. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் இளையதற்கு வராது என்றுமில்லை. பிழையைப் பெறாத பிள்ளையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு அது ஒருபோதும் போகாது. அக்கிளையில் அது அறுந்துவிடுகிறது.

"சொந்தத்துக்குள் முடித்ததால் வந்தது" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஆட்சியான நோய்க்கு ஒரேயொரு பிரதி போதும். பெற்றோர் உறவினரா அந்நியரா என்பது அங்கே கணக்கில் வராது. ஜப்பானில் முதலில் அறியப்பட்ட 'கராசில்' என்ற நோயே அந்தப் பேச்சுக்குப் பொருந்துவது. அது பின்னிடைவானது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வர வேண்டும். எனவே நெருங்கிய உறவுத் திருமணங்களில் அதன் வாய்ப்புக் கூடும். இளவயதிலேயே முடி கொட்டுதலும் முதுகு வலியும் அதன் அடையாளங்கள்.

நெதர்லாந்தில் கட்வைக் குடும்பத்துப் பிள்ளைகள் வளர்ந்தபின், விரும்பினால் குருதிப் பரிசோதனை செய்து, பிழை தம்மிடம் இருக்கிறதா என்று அறிந்துகொள்ளலாம். விரும்பாவிட்டால் அறியாமலே வாழலாம். அறியாமலிருப்பதும் ஓர் உரிமையாக அங்கே மதிக்கப்படுகிறது. நான் என்ன செய்வேன் என்று பலமுறை யோசித்தேன். ஐஸ்லாந்துக் கதையை வாசிக்கும் முன் "வேண்டாம்" என்றிருப்பேன்.

ஏனென்றால் அந்தக் கதை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பிழையான சிஸ்டாட்டின் சி, 37 பாகை செல்சியசைவிட 40 பாகையில் விரைவாக ஒட்டிக்கொள்கிறது என்று 1994 இல் சுவீடன் ஆய்வாளர்கள் சோதனைக் குழாயில் காட்டினார்கள். அதாவது இந்தக் குடும்பத்தாருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே தணிப்பது நல்லது. அடுத்து 2021 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. என்-அசெட்டைல்சிஸ்டெயின் என்றொரு பழைய மருந்து. சளியைக் கரைக்கவும், பனடோலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களைக் காப்பாற்றவும் பயன்படுவது, விலை அதிகமில்லை. ஒட்டிய சிஸ்டாட்டின் சி மூலக்கூறுகளை அது மீண்டும் பிரித்துவிடுவது ஆய்வுகூடத்தில் தெரிந்தது. இந்நோயில் தோலிலும் அதே படிவு உண்டாவதால், மருந்தை உட்கொண்ட சில நோயாளிகளின் தோலில் சிறு துண்டை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோரில் படிவு குறைந்திருந்தது. தோலில் குறைந்தது மூளையின் நாடிகளிலும் குறையுமா, குறைந்தால் குருதிப் பெருக்கு எத்தனை ஆண்டுகள் பிந்தும் என்பதைச் சொல்ல, அந்தக் குடும்பங்களில் இப்போது இருபது வயதிலிருப்பவர்கள் நாற்பதைக் காண வேண்டும்.